டாப்ளர் நார்மல், ஆனால் ஏற்றத்தில் கால் ஒத்துழைக்கவில்லை

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். வயது 36. புகை இல்லை, சர்க்கரை இல்லை. ஒன்பது வருடமாக ரோடு பைக், வாரத்துக்குப் பத்து மணி நேரம். ஒரு வருடமாகக் கோத்தகிரி ஏற்றத்தில் முழு பலத்தோடு மிதிக்கும்போது இடது தொடை கனத்து, அப்புறம் மரத்து, பலமே இல்லாமல் போய்விடுகிறது. வேகத்தைக் குறைத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் எதுவுமே நடக்காதது மாதிரி சரியாகிவிடுகிறது. முதுகுக்கு எம்ஆர்ஐ எடுத்து, டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று ஆறு மாதம் பிசியோதெரபி செய்தார்கள், பலனில்லை. காலுக்கு டாப்ளர் (ரத்தக்குழாயில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்தார்கள். நார்மல் என்று வந்தது. ஆனால் சைக்கிள் வீரர்களுக்குக் கால் தமனியில் வருகிற ஒரு நோயைப் பற்றி இணையத்தில் படித்திருக்கிறீர்கள். 'அப்படியானால் ரத்தக்குழாய் பிரச்சினை இல்லை என்று முடிவுக்கு வந்துவிடலாமா? ஒருவேளை இருந்தால் சைக்கிளை விட்டுவிட வேண்டியதுதானா?' என்பது கேள்வி. அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன்: எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்றால் இந்த வலி என் கற்பனையா?

கற்பனை இல்லை. அந்த டாப்ளரை வைத்து ரத்தக்குழாயை ஒதுக்கிவிடவும் முடியாது. இந்த இரண்டையும் தயக்கமில்லாமல் சொல்வேன். உங்களுக்கு இருப்பது இன்ன நோய்தான் என்று மட்டும், நேரில் பார்க்காமல், சரியான பரிசோதனை நடக்காமல் யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்லப்போவதில்லை.

நான் ரத்தநாள அறுவை சிகிச்சை செய்பவன். என்னிடம் வருகிற கால்களில் பெரும்பாலானவை சர்க்கரையாலும் புகையிலையாலும் கெட்டுப்போனவை. உங்களைப் போன்ற சைக்கிள்காரர்களும் நெடுந்தூர ஓட்டக்காரர்களும் எப்போதாவதுதான் வருவார்கள். அதனால் கீழே சொல்வதில் பரிசோதனை பற்றிய பகுதி என் அன்றாட வேலையிலிருந்து வருவது. இந்தக் குறிப்பிட்ட நோயைப் பற்றிய பகுதிக்கு, இதை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிற பிரான்ஸ், நெதர்லாந்து மருத்துவர்கள் எழுதியவற்றைத்தான் நம்பியிருக்கிறேன்.

முதலில் டாப்ளர் ஏன் நார்மலாக வருகிறது என்று பார்ப்போம். படுத்திருக்கும்போது ஒரு காலுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் ரத்தம்கூடத் தேவையில்லை. நன்றாகப் பயிற்சி பெற்ற ஒருவர் உச்ச வேகத்தில் மிதிக்கும்போது அதே காலுக்கு நிமிடத்துக்கு எட்டு, பத்து லிட்டர் வரை போகும். குழாயில் ஒரு சுருக்கம் இருந்தால், அதைத் தாண்டும்போது ஏற்படும் அழுத்த இழப்பு ரத்த ஓட்டம் கூடக் கூடப் பெருகும். ஓட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு இரண்டு மடங்குக்கும் மேலே போகும். ஆகவே குழாயின் மூன்றில் ஒரு பங்கை அடைக்கும் சுருக்கம் ஓய்வில் எந்தத் தடயமும் காட்டாது. அறுபது வயதுக்காரர் கடைத்தெருவுக்கு நடந்துபோனால் அவருக்கும் அது தெரியாது. உச்ச வேகத்தில் மிதிக்கிற உங்களுக்குத் தெரியும். படுக்கவைத்து டாப்ளர் எடுத்து 'நார்மல்' என்று எழுதுவது, திருவிழா இல்லாத நாளில் கோயில் வாசலைப் பார்த்துவிட்டு இங்கே நெரிசலே கிடையாது என்று எழுதுவது மாதிரி. பார்த்தவர் பொய் சொல்லவில்லை; பார்த்த நேரம்தான் தப்பு.

நீங்கள் இணையத்தில் படித்ததாகச் சொன்ன நோய்க்கு எக்ஸ்டர்னல் இலியாக் ஆர்ட்டரி எண்டோஃபைப்ரோசிஸ் என்று பெயர். வயிற்றின் பெருந்தமனி தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து, அடிவயிற்றின் உட்புறமாக வந்து, தொடை இடுக்கைக் கடந்து காலுக்குள் இறங்குகிறது. அந்தப் பாதையில் தொடை இடுக்குக்குச் சற்று மேலே இருக்கும் பகுதிதான் எக்ஸ்டர்னல் இலியாக். 1980-களின் நடுவில் போட்டி சைக்கிள் வீரர்களிடம் இந்த இடத்தில் ஒரு வினோதமான தடிப்பைப் பிரெஞ்சு மொழி பேசும் மருத்துவர்கள், குறிப்பாக லியோன் நகரத்து அறுவை சிகிச்சையாளர்கள், கவனித்து எழுதினார்கள். வெட்டி எடுத்துப் பார்த்தபோது, வழக்கமான மாரடைப்பு வகை அடைப்பில் இருக்கும் கொழுப்போ சுண்ணாம்போ இல்லை. குழாயின் உள்சுவர் நார்த்திசுவாலும் தசைச் செல்களாலும் தடித்துப்போயிருந்தது. கொலஸ்ட்ரால் சரியாக இருப்பவர்களுக்கு, புகை பிடிக்காதவர்களுக்கு, முப்பதுகளில் இருப்பவர்களுக்கு வந்தது. இதய நோயாளிகளுக்கு வருகிற அடைப்பையே மனதில் வைத்துப் பார்க்கிற மருத்துவருக்கு இது தட்டுப்படாமல் போவதில் ஆச்சரியமில்லை.

பிறகு நெதர்லாந்தில் ஃபெல்ட்ஹோவன் மருத்துவமனைக் குழு இதன் இன்னொரு முகத்தைக் காட்டியது. சிலருக்கு உள்சுவர் தடிப்பு அதிகமில்லை. ஆனால் அந்தத் தமனி வழக்கத்தைவிட நீண்டிருக்கிறது, அல்லது சோவாஸ் என்ற இடுப்புத் தசையோடு ஒரு சிறு கிளைக்குழாயால் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. நேராகப் படுத்தால் ஒழுங்காக இருக்கும் தமனி, ஹேண்டில்பாரில் குனிந்து தொடையை மார்புவரை தூக்கும்போது மடிந்துகொள்கிறது. தடிப்பு, நீளம், மடிப்பு இந்த மூன்றும் தனித்தனியாகவும் இருக்கலாம், ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம். உங்கள் கேள்விக்கு இது முக்கியம். காலை நீட்டிப் படுத்திருக்கும்போது எடுத்த சிடி ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாய்களின் படம்) கூட மடிப்பைக் காட்டாது.

ஏன் வருகிறது? இங்கே உறுதியும் ஊகமும் கலந்திருக்கின்றன. உறுதியானது: நீண்ட வருடப் பயிற்சி, குனிந்த நிலை, இடுப்பு மடிந்து மடிந்து விரிவது ஆகியவை இருக்கும் விளையாட்டுகளில்தான் இது அதிகம். சைக்கிளுக்கு அடுத்ததாக ஐஸ் மீதான வேகச் சறுக்கு, படகு வலித்தல், டிரையத்லான், ஓட்டம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 90 மிதி என்றால் மணிக்கு 5,400. வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஓட்டும் நீங்கள் வருடத்துக்குச் சுமார் 28 லட்சம் தடவை இடது இடுப்பை மடக்குகிறீர்கள். தொழில்முறை வீரர் 70 லட்சத்தைத் தொடுவார். ஒவ்வொரு மடிப்பின்போதும் தமனிக்குள் உயர் அழுத்தத்தில் ரத்தம் பாய்கிறது. இந்த இழுப்பும் மடிப்பும் சுழலும்தான் உள்சுவரைத் தடிக்கவைக்கின்றன என்பது பொருத்தமான விளக்கம். ஆனால் அதே கிலோமீட்டரை ஓட்டிய பக்கத்து வீரருக்கு ஏன் வரவில்லை என்பதற்கு ஒருவரும் திருப்தியான பதில் சொல்லவில்லை. உடலமைப்பில் ஏதோ ஒரு வித்தியாசம் இருக்க வேண்டும் என்ற இடத்தில் விவாதம் நிற்கிறது. எத்தனை பேருக்கு வருகிறது என்பதும் அப்படித்தான். உச்சநிலை சைக்கிள் வீரர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு அளவில் இருக்கலாம் என்ற மதிப்பீடு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அது மதிப்பீடுதான், உங்களையும் என்னையும் போன்ற சாதாரண ஆட்களிடம் எடுத்த கணக்கு அல்ல.

அரிதான நோய் என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம் என்பதற்காகச் சில பெயர்களைச் சொல்கிறேன். 2015-இல் ஸ்பெயினின் வுவெல்ட்டா சைக்கிள் பந்தயத்தை வென்ற இத்தாலிய வீரர் ஃபாபியோ ஆரு, 2019 வசந்த காலத்தில் இலியாக் தமனிக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். அதற்கு முந்தைய இரண்டு சீசனாக அவருடைய சரிவுக்கு விதவிதமான காரணங்கள் எழுதப்பட்டன. பிரான்சின் பவுலின் ஃபெரான்-பிரெவோ 2019 தொடக்கத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அதே வருடம் மலை சைக்கிளில் உலக சாம்பியன் ஆனார். மறுபடியும் தொந்தரவு வந்து மறுபடியும் அறுவை சிகிச்சைக்குப் போனார். அப்புறம் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம். நெதர்லாந்தின் மரியானா வோஸ் 2023-இல் இதற்காகவே சீசனைப் பாதியில் முடித்துக்கொண்டார். ஃபெரான்-பிரெவோவின் கதையில் தங்கத்தை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டாவது அறுவை சிகிச்சையையும் பாருங்கள். இரண்டையும் வைத்துத்தான் கீழே பேசப்போகிறேன்.

அதற்கு முன், நீங்கள் விவரித்த அறிகுறிகளை வேறு எதற்குப் பொருத்தலாம் என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஒரு நோயைப் பற்றிப் படித்துவிட்டு வருகிறவருக்கு எல்லாம் அந்த நோயாகவே தெரியும். மருத்துவர்களுக்கும் இந்த வியாதி உண்டு. இரண்டு விஷயங்களை நன்றாகக் கவனியுங்கள்: எந்த இடம், நிறுத்தினால் எவ்வளவு நேரத்தில் போகிறது. இலியாக் தமனி என்றால் தொடை, சில சமயம் பிட்டம், சில சமயம் கெண்டைக்கால். வலியைவிடப் பலமிழப்பு தூக்கலாக இருக்கும். ஏறத்தாழ ஒரே வாட்ஸ் (மிதிக்கும் பலத்தின் அளவு) அளவில் தொடங்கும். நிறுத்தினால் ஐந்து நிமிடத்துக்குள் மறையும். நீங்கள் சொன்னது இதோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

முதுகிலிருந்து வரும் நரம்பு வலி இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. சாலையில் குழி வந்தால் வலிக்கும், அலுவலக நாற்காலியில் நெடுநேரம் உட்கார்ந்தால் வலிக்கும், வாட்ஸ் பார்த்து வராது. எம்ஆர்ஐயில் டிஸ்க் பிதுங்கல் தெரிந்தது என்பதற்கு நீங்கள் நினைக்கும் எடை கிடையாது. முதுகு வலியே இல்லாதவர்களை எம்ஆர்ஐக்குள் தள்ளினாலும் உங்கள் வயதில் நிறையப் பேருக்கு அது தெரியும். ஆறு மாதம் பிசியோ செய்தும் துளி மாற்றமில்லை என்பது, காரணம் வேறு இடத்தில் இருக்கிறது என்பதற்கு ஓரளவு சான்று.

கெண்டைக்காலோ முழங்காலுக்குக் கீழே முன்பக்கமோ இறுகி வெடிக்கப்போவது போல் இருந்து, நிறுத்தியும் கால் மணி, அரை மணி நேரம் இழுத்துக்கொண்டே இருந்தால் அது தசை அறைகளுக்குள் அழுத்தம் ஏறும் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமாக இருக்கலாம். ஓட்டக்காரர்களிடம் அதிகம். அதற்கு ஊசி மூலம் தசைக்குள் அழுத்தத்தை அளக்க வேண்டும், டாப்ளர் உதவாது. உங்களுக்குத் தொடையில், அதுவும் மூன்று நிமிடத்தில் போய்விடுகிறது என்பதால் இது பின்னால் தள்ளப்படுகிறது.

முழங்காலுக்குப் பின்னால் தமனி தசையில் சிக்கிக்கொள்ளும் பாப்லிட்டியல் என்ட்ராப்மென்ட் இன்னொன்று. 1879-இல் எடின்பரோவில் ஆண்டர்சன் ஸ்டூவர்ட் என்ற மருத்துவ மாணவர், வெட்டி எடுத்த ஒரு காலை அறுத்துப் பார்த்தபோது தமனி கெண்டைத் தசையைச் சுற்றிக்கொண்டு தப்பான வழியில் போவதைக் கண்டார். அதை உயிருள்ள நோயாளியிடம் கண்டுபிடித்து அறுவை சிகிச்சை செய்ய 1959 ஆனது. லெய்டனில், பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு. இதில் வலி கெண்டைக்காலிலும் பாதத்திலும் வரும், தொடையில் வராது. இதை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தவைத்து டாப்ளர் எடுத்தால், எந்தக் குறையும் இல்லாதவர்களில் பெரும் பங்கினருக்கும் முழங்கால் பின் தமனி நசுங்கும். அந்த ஒரு படத்தை வைத்துக் கத்தி எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். யாராவது உங்களிடம் அதை மட்டும் காட்டினால் இன்னொரு கருத்து கேளுங்கள்.

நம் ஊரைப் பொறுத்தவரை இன்னொரு பெயரையும் விட முடியாது: பர்கர்ஸ் நோய். நாற்பது வயதுக்குள், பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை பழக்கம் உள்ளவர்களுக்குப் பாதத்திலும் கைவிரல்களிலும் சிறு தமனிகள் அடைத்துக்கொள்ளும். அது பாதத்திலிருந்து மேலே ஏறும், இலியாக்கில் தொடங்காது. நீங்கள் புகை இல்லை என்கிறீர்கள். ஹான்ஸ், குட்கா எதுவும் இல்லை என்றால் இதைத் தள்ளிவிடலாம். உண்டு என்றால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நல்ல செய்தி என்னவென்றால் முதல் பரிசோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கையில் ரத்த அழுத்தம், கணுக்காலில் ரத்த அழுத்தம், இரண்டின் விகிதம். ஏபிஐ என்பார்கள். எந்த வாஸ்குலர் (ரத்தநாள) பிரிவிலும் தினமும் செய்வதுதான். ஓய்வில் அது 1-க்குப் பக்கத்திலோ சற்று மேலோ இருக்கும். இந்த நோய் உள்ளவர்களுக்கும் அப்படியே இருக்கும். அதனால் ஓய்வு எண்ணைப் பார்த்து யாரும் திருப்திப்படக் கூடாது. உங்களை வலி வரும்வரை மிதிக்கவைத்து, நிறுத்தின ஒரு நிமிடத்துக்குள் படுக்கவைத்து மறுபடி அளக்க வேண்டும்.

இதில் மூன்று இடங்களில் சொதப்பல் நடக்கும். முதலாவது, மிதிக்கவைப்பதற்குப் பதில் டிரெட்மில்லில் நடக்கவிடுவது. வழக்கமான வாஸ்குலர் டிரெட்மில் சோதனை மணிக்கு 3.2 கிலோமீட்டர் வேகம், பத்துப் பன்னிரண்டு சதவீத ஏற்றம், ஐந்து நிமிடம். வயதான சர்க்கரை நோயாளிக்கு அது போதும். கோத்தகிரி ஏறுகிறவருக்கு அது வார்ம்அப்கூட இல்லை. அதில் நார்மல் என்று வந்தால் அர்த்தமே கிடையாது. உங்கள் சைக்கிளையே, அதை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் ஸ்மார்ட் ட்ரெய்னரோடு எடுத்துக்கொண்டு போவது நல்லது. கேட்க வினோதமாக இருக்கும். முன்கூட்டியே பேசிவைத்தால் பெரும்பாலான இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். ஏற்றத்தில் எப்படிக் குனிந்து ஓட்டுகிறீர்களோ அப்படியே ஓட்டுங்கள். மற்றவர்கள் முன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு பாதி பலத்தில் மிதித்துவிட்டு இறங்காதீர்கள். முப்பத்தாறு வயதில் உச்சம்வரை மிதிக்கவைக்கும் முன் ஓர் இசிஜியும் இதயப் பரிசோதனையும் கேட்பார்கள், அது நியாயம்தான்.

இரண்டாவது, தாமதம். இறங்கி, ஷூ கழற்றி, தண்ணீர் குடித்து, படுத்து, கஃப் (அழுத்தம் அளக்கும் பட்டை) கட்டி அளப்பதற்குள் நான்கைந்து நிமிடம் போய்விட்டால் விகிதம் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். கணுக்காலில் கஃப்பை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும், கட்டில் சைக்கிளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கைக்கு ஒருவர், ஒவ்வொரு காலுக்கும் ஒருவர் நிற்க வேண்டும். ஒரே டெக்னீஷியன் ஓடி ஓடி அளந்தால் மூன்றாவது அளவு உபயோகமற்றது.

மூன்றாவது, எண்ணைத் தப்பாகப் படிப்பது. கடுமையாக மிதித்தவுடன் கையின் ரத்த அழுத்தம் மிகவும் ஏறியிருக்கும், கணுக்காலில் அந்த அளவுக்கு ஏறாது. அதனால் ஆரோக்கியமானவர்களுக்கும் விகிதம் இறங்கும். ஓர் உதாரணக் கணக்கு: மிதித்து முடித்ததும் கையில் 190, வலது கணுக்காலில் 150, இடதில் 95. வலது விகிதம் 0.79. அது ஓய்வில் இருந்தால் நோய்; உச்ச உழைப்புக்குப் பின் பிரச்சினை இல்லை. இடது 0.5. இதுதான் பேசுகிறது. முதல் நிமிடத்தில் 0.66-க்குக் கீழே போவதைப் பலர் எல்லையாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எல்லையும் கல்லில் செதுக்கினது அல்ல. இரண்டு காலுக்கும் இடையிலான வித்தியாசம், வலி வந்த பக்கம் அதுதானா, பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் நோய் இருந்தால் வித்தியாசம் தெரியாமல் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இடது பக்கம் தெளிவாக இறங்கினால்தான் அடுத்த கட்டத்துக்கு அர்த்தம் உண்டு. தொடை இடுக்குக்கு மேலே டாப்ளர், கால் நீட்டியும் இடுப்பை மடக்கியும், முடிந்தால் மிதித்து முடித்த உடனேயும். அப்புறம் சிடி அல்லது எம்ஆர் ஆஞ்சியோ, அதுவும் இரண்டு நிலைகளில். தமனி எங்கே தடித்திருக்கிறது, எங்கே மடிகிறது, எவ்வளவு நீளம் என்பது அறுவை சிகிச்சை செய்கிறவருக்குத் தெரிய வேண்டும். இந்த வரிசையை மாற்றி முதலிலேயே ஆஞ்சியோவுக்குப் போகாதீர்கள். மிதித்தபின் எடுத்த அழுத்தம் சரியாக இருந்தால், ஆஞ்சியோவில் ஒரு சிறு வளைவு தெரிந்தாலும் அது உங்கள் வலிக்குக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

இப்போது இரண்டாவது கேள்வி. நோய் உறுதியானால் சைக்கிளை விட வேண்டுமா? எனக்குத் தெரிந்து இதற்கு நேர்மையான பதில்: விட வேண்டியதில்லை, ஆனால் எவ்வளவு வேகம் உங்களுக்கு முக்கியம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வழக்கமான கொழுப்பு அடைப்பு மாதிரி இது காலைப் பறிக்கும் நோய் அல்ல. வலி தொடங்கும் அளவுக்குக் கீழே ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் தொந்தரவில்லாமல் இருக்கிறார்கள். இருபது, முப்பது வருடம் கழித்து அந்தத் தமனி என்ன ஆகும் என்பதற்கு நல்ல நீண்டகாலத் தரவு கிடையாது. அதனால் 'ஒன்றும் ஆகாது' என்று உத்தரவாதம் கொடுப்பவரையும் நம்ப வேண்டாம், 'உடனே ஆபரேஷன், இல்லாவிட்டால் கால் போய்விடும்' என்பவரையும் நம்ப வேண்டாம்.

முதலில் பைக் பொருத்தத்தை மாற்றிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. ஹேண்டில்பாரை உயர்த்துவது, சேடிலைச் சற்று முன்னால் தள்ளுவது, கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) நீளத்தைக் குறைப்பது, பெடலை மேலே இழுக்கும் பழக்கத்தை விடுவது. எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான்: மேல் நிலையில் இடுப்பு மடியும் கோணத்தைக் குறைப்பது, சோவாஸின் வேலையைக் குறைப்பது. மடிப்பு முக்கியக் காரணமாக இருப்பவர்களுக்கு இது உதவுகிறது. உள்சுவர் ஏற்கெனவே தடித்துவிட்டால் பெரிதாக உதவாது. தடிப்பைக் கரைக்கும் மாத்திரை இல்லை. ஸ்டேடின் கொழுப்பு அடைப்புக்கானது, இங்கே கொழுப்பு கிடையாது. நீட்டல் பயிற்சியாலோ எண்ணெய் தேய்ப்பதாலோ தமனி குட்டையாகாது.

அறுவை சிகிச்சை பற்றிப் பேசும் முன் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு இதைச் சீக்கிரமே யாராவது பரிந்துரைப்பார்கள். ஸ்டென்ட் வேண்டாம். இதயத்துக்குப் போடுகிறார்களே, இங்கேயும் போட்டால் என்ன என்று தோன்றும். ஒரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றும் சொல்வார்கள். வருடத்துக்கு 28 லட்சம் தடவை மடியும் இடத்தில் உலோக வலையை வைத்தால் அது முறியும், அல்லது அதன் விளிம்பில் தமனி மடியும், உள்ளே ரத்தம் உறையும். பலூன் மட்டும் போட்டு விரிப்பதும் நார்த்திசுவில் நிலைப்பதில்லை. பலருக்குத் தொந்தரவு திரும்புகிறது. இந்த நோயை அதிகம் பார்க்கும் மையங்கள் போட்டியைத் தொடர விரும்புகிறவருக்கு ஸ்டென்ட்டைத் தவிர்க்கவே சொல்கின்றன. சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டென்ட் போடும் நானும் உங்களுக்குப் போட மாட்டேன்.

செய்யக்கூடியது திறந்த அறுவை சிகிச்சை. மடிப்பு மட்டும் என்றால், தசையோடு கட்டிப்போட்டிருக்கும் கிளைக்குழாயை வெட்டித் தமனியை விடுவித்தால் போதும். நீளம் கூடுதல் என்றால் குட்டையாக்கி மறுபடி இணைப்பார்கள். தடிப்பு என்றால் தமனியைத் திறந்து, தடித்த உள்சுவரை உரித்து எடுத்து, காலிலிருந்து எடுத்த சிரையைத் துண்டாக வைத்துத் தைத்து அகலப்படுத்துவார்கள். மோசமாகச் சேதமாகியிருந்தால் அந்தப் பகுதியையே மாற்ற வேண்டி வரும். கைதேர்ந்த இடங்களில் பெரும்பாலானவர்கள் ஓரிரு மாதத்தில் லேசாக மிதிக்கத் தொடங்கி, சில மாதங்களில் பழைய பயிற்சிக்குத் திரும்புகிறார்கள் என்று அவர்களே வெளியிட்ட தொடர்கள் சொல்கின்றன. இந்த முடிவுகளை வெளியிட்டவர்கள் அறுவை சிகிச்சை செய்தவர்களேதான். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு இதில் இல்லை. மறுபடி சுருங்குவது உண்டு, வைத்த துண்டு பலவீனமாகிப் புடைப்பதும் உண்டு, மிக அரிதாக உயிராபத்தும் நேர்ந்திருக்கிறது. மாதச் சம்பளத்துக்கு சைக்கிள் ஓட்டுகிற வீராங்கனைக்கு இந்த ஆபத்து நியாயமாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு கோத்தகிரி ஏறி டீ குடித்துவிட்டு இறங்குகிறவருக்கு, ஹேண்டில்பாரை உயர்த்தி, இருபது வாட்ஸ் குறைத்து ஓட்டுவதே நல்ல பேரம் என்பது என் அபிப்பிராயம். உங்கள் கால், உங்கள் முடிவு.

ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டியது: பவர் மீட்டர் இருந்தால் கடந்த சில மாத ஏற்றங்களைப் பார்த்து, எந்த வாட்ஸில், எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது, இடது வலது சமநிலை எங்கே விலகுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இதய மருத்துவரிடமோ எலும்பு மருத்துவரிடமோ போகாமல் வாஸ்குலர் சர்ஜன் இருக்கும் இடத்தில், 'சைக்கிளில் உச்சம்வரை மிதித்தபின் முதல் நிமிட ஏபிஐ, இரண்டு காலிலும்' என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். பரிசோதனை முடியும்வரை சைக்கிளை நிறுத்த வேண்டாம், வலி தொடங்கும் அளவுக்குக் கீழேயே ஓட்டுங்கள். ஓட்டாமல் உட்கார்ந்திருக்கும்போது கால் வலித்தால், அல்லது திடீரென்று ஒரு கால் வெளுத்து, சில்லிட்டு, உணர்ச்சி குறைந்து, விரல்களை அசைக்க முடியாமல் போனால் அது வேறு விஷயம்: தமனி முழுவதும் அடைத்திருக்கலாம் அல்லது உள்சுவர் கிழிந்திருக்கலாம். இந்த நோயில் அது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. அப்போது அப்பாயிண்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல், வீட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காமல், ரத்தநாள அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் தசையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.